திரும்பி நின்று பாருங்கள்: பலேர்மோவின் சுதைச் சிற்றாலயங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிசிலித் தீவின் தலைநகரம் பலேர்மோ. அதன் பழைய துறைமுகத்தை ஒட்டி லோஜ்ஜா என்றொரு பகுதி. அங்கே தெருவுக்கு ஒரு தேவாலயம் இருக்கும். இன்று நாம் பேசப்போவது அந்தப் பெரிய தேவாலயங்களைப் பற்றி அல்ல. அவற்றின் ஓரத்தில், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு என்றே தோன்றும் சிறிய கட்டடங்களைப் பற்றி. உள்ளூரில் இவற்றை ஒரத்தோரியோ என்கிறார்கள். பரோக் எனப்படும் 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆடம்பரக் கலையைச் சின்ன அறைக்குள், கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் மத்தியதரைக் கடலோரத்தில் அதிகம் கிடையாது என்பது என் கருத்து.

இவற்றைக் கட்டியவர்கள் ஆயர்களோ துறவிகளோ அல்லர். பொதுநிலையினரின் சகோதர சபைகள். வணிகர்களும் கைவினைஞர்களும் பிரபுக்களும் தத்தம் சபையாகக் கூடிச் செபித்தார்கள், கணக்குப் பார்த்தார்கள், ஏழைகளின் அடக்கச் செலவை ஏற்றார்கள். அதனால் அறையின் அமைப்பே வேறு. நீள்சதுரக் கூடம், பின்சுவரில் இரண்டு வாசல்கள், அவற்றுக்கு நடுவே சபைத் தலைவரின் இருக்கை. உறுப்பினர்கள் இரு பக்கச் சுவர்களையும் ஒட்டிய நீள இருக்கைகளில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். பீடம் எதிர்க்கோடியில் தனிச் சதுரத்தில் இருக்கும். ஆக, ஒருவர் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பது எதிர்ச்சுவரைத்தான். சுவரில்தான் காசைக் கொட்டினார்கள்.

எங்கே தொடங்கலாம்? வால்வெர்தே தெருவிலுள்ள சாந்தா சித்தா ஜெபமாலைச் சிற்றாலயத்தில். பக்கத்துத் தேவாலயம் 1943-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சேதமடைந்தது, சிற்றாலயம் தப்பியது. நேராக உள்ளே நுழைய முடியாது. முற்றத்தைக் கடந்து, படியேறி, சபைத் தலைவர்களின் உருவப்படங்கள் வரிசையாகத் தொங்கும் முன்னறை வழியாகப் போக வேண்டும். உள்ளே கால் வைத்ததும் கண் பீடத்துக்குப் போகும். அங்கே கார்லோ மராத்தா வரைந்த ஜெபமாலை அன்னை ஓவியம் இருக்கிறது. நல்ல ஓவியம்தான், ஆனால் அது காத்திருக்கட்டும். நாலடி நடந்து, அப்படியே பின்பக்கம் திரும்புங்கள்.

பின்சுவர் முழுவதையும் ஒரு பிரமாண்டமான துணி மூடியிருக்கிறது. குழந்தைத் தேவதூதர்கள் கூட்டம் கூட்டமாக அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். துணி, தேவதூதர், மடிப்பு, கயிறு எல்லாமே சுதை. செய்தவர் ஜாக்கோமோ செர்பொத்தா, பலேர்மோவிலேயே 1656-இல் பிறந்து 1732-இல் இறந்தவர். 1680-களில் தொடங்கிய இந்த வேலை 1718 வரை இடைவெளி விட்டு விட்டு நடந்தது. துணியின் நடுவே, கண்மட்டத்துக்குச் சற்று மேலே, சட்டமிட்ட ஒரு சிறு கடற்போர்: 1571 அக்டோபர் 7 அன்று நடந்த லெபாந்தோ போர். துருக்கியரை எதிர்த்த கப்பற்படை திரண்டது சிசிலியின் மெஸ்ஸினாத் துறைமுகத்தில்தான். வெற்றி ஜெபமாலையால் வந்தது என்று நம்பினார்கள். நம் பங்குகளிலும் அக்டோபர் 7-இல் கொண்டாடும் ஜெபமாலை அன்னை திருநாள் அந்தப் போரின் நினைவில் வந்ததே. போர்க்காட்சியின் கீழே, ஆயுதக் குவியலுக்கு நடுவே இரண்டு சிறுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் வென்றவன், இன்னொருவன் தோற்றவன் என்று கொள்வது வழக்கம். வெற்றியைக் கொண்டாடும் சுவரில் கொண்டாட்டமே இல்லாத இரண்டு முகங்கள்.

போரைச் சுற்றி மகிமை மறையுண்மைகள், அதாவது ஜெபமாலை சொல்லும்போது தியானிக்கும் இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்வுகளில் ஒரு தொகுதி. பக்கச் சுவர்களில் மகிழ்ச்சி, துயர மறையுண்மைகள். ஒவ்வொன்றும் குட்டி நாடக மேடைபோல ஆழத்தோடு குடையப்பட்டிருக்கும். முன்வரிசை உருவங்கள் முழுச் சிலையாக வெளியே நிற்கும். பின்னே போகப் போகத் தட்டையாகிக் கடைசியில் வெறும் கீறலாகும். நேர் எதிரே நின்றால் பாதிதான் தெரியும். அரையடி இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள், பின்னாலிருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எட்டு மடங்கு பெருக்கும் சிறிய இருகண்நோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். மேல்வரிசைச் சாளரங்களில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் உருவங்களுக்கு அது தேவைப்படும்.

சுதை என்றதும் நமக்குக் கோபுரம் நினைவுக்கு வரும். அங்கே செங்கல் உள்ளீட்டின் மேல் சுண்ணாம்பு, அதன் மேல் வண்ணம். இங்கே வண்ணம் கிடையாது. சில இடங்களில் மட்டும் பொன்பூச்சு. உள்ளே மரச்சட்டம், கம்பி, அதைச் சுற்றிக் கயிற்றால் கட்டிய கந்தல் துணி. இந்த எலும்புக்கூட்டின் மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். ஒரே தடவையில் கனமாக அப்பினால், காயும்போது சுருங்கி வெடிக்கும். கீழடுக்கைக் கீறிவிட்டு, நனைத்த பிறகே அடுத்தது. உலர்ந்த பரப்பின் மேல் பூசினால் அது புதுச்சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது, நாளடைவில் தகடாகப் பெயரும். இறுகுவதைச் சற்று விரைவாக்க ஜிப்சம் சேர்ப்பதுண்டு. சேர்த்தால் கை வேகமாக ஓட வேண்டும்.

செர்பொத்தாவின் பெயர் நிலைத்தது கடைசிப் பூச்சில். நீற்றிப் பதப்படுத்திய சுண்ணாம்போடு பளிங்குத் தூளைக் கலந்து மெல்லியதாகப் பூசித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். அல்லுஸ்த்ராத்தூரா என்பது அதற்குப் பெயர். பளிங்கு வாங்க வசதியில்லாத இடத்தில் பயன்படும் மலிவுச் சரக்கு என்று கருதப்பட்ட சுதை, இதனால் பளிங்கின் பளபளப்பைப் பெற்றது. பளிங்கில் செதுக்கத் துணியாத மெல்லிய நீட்டல்களையும் பெற்றது: விரல், இலை நுனி, பறக்கும் நாடா.

அந்த மெல்லிய நீட்டல்களே பலவீனமும். உள்ளே ஈரம் போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், சுதை பிளக்கும். பழுப்புக் கறையோடு நேர்கோட்டில் விரிசல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். மாவுபோல உதிர்ந்து கொப்புளிக்கும் இடங்களில் காரணம் வேறு: சுவர் உறிஞ்சிய நீரிலுள்ள உப்பு, பரப்புக்குச் சற்று உள்ளே படிகமாகி மேல்தோலைத் தள்ளுகிறது. மூன்றாவது பகை, அக்கறையால் வந்தது. பிற்காலத்தில் யாரோ 'வெளுப்பாக இருக்கட்டும்' என்று அடிக்கும் வெள்ளை, கண்ணிமையையும் உதட்டையும் மழுக்கிவிடும். மெருகு ஒளிரும் ஒரு கன்னத்தையும் சுண்ணாம்புபோல மங்கிய இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே வேறுபாடு புரியும். தொட்டுப் பார்க்க ஆசை வரும். வேண்டாம்; கைப்பிசுக்கு மெருகில் ஏறினால் எளிதில் போகாது.

சில நிமிட நடையில், பம்பினாய் தெருவில், சான் தொமெனிக்கோ ஜெபமாலைச் சிற்றாலயம் இருக்கிறது. இங்கே மட்டும் பீடத்தை முதலில் பாருங்கள். பிளெமிஷ் ஓவியர் வான் டைக்கின் ஓவியம் அது. 1624-இல் அவர் பலேர்மோவில் இருந்தபோது கொள்ளைநோய் புகுந்தது. படத்தைப் பிறகு ஜெனோவாவில் முடித்து அனுப்பினார். கீழே ஒரு சிறுவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான், பிணவாடை தாங்காமல். சுவரோரம், நற்பண்புகளைப் பெண் உருவில் காட்டும் செர்பொத்தாவின் சுதைச் சிலைகள் நிற்கும்; அந்தப் பெண்கள் அக்காலச் சீமாட்டிகளின் உடையில் இருப்பார்கள். அவர்களில் துணிவு என்பவளின் தூணில் ஒரு பல்லி ஏறுகிறது. செர்பொத்தா தன் கையொப்பமாக வைத்தது.

மூன்றாவது, இம்மாகொலாத்தெல்லா தெருவிலுள்ள சான் லொரென்சோ. 1969 அக்டோபரில் இங்கிருந்து இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் கிறிஸ்து பிறப்பு ஓவியம் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. 2015 முதல் அங்கே தொங்குவது எண்ணிம முறையில் உருவாக்கிய நகல். வருகிறவர்களில் பலர் நகலைப் படமெடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். அசிசி பிரான்சிஸ், லாரன்ஸ் ஆகிய புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அசல் சுதைகள் இரு பக்கமும் அப்படியே நிற்கின்றன. முத்துச்சிப்பி பதித்த இருக்கைகளையும் விட்டுவிடாதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். ரயில் நிலையத்திலிருந்து ரோமா தெரு வழியே நடந்தால் இருபது நிமிடத்துக்குள் இப்பகுதிக்கு வந்துவிடலாம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் மூன்றாவதில் கண் களைத்துப்போகும், ஆகவே இரண்டுக்குப் பின் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் நேரம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாந்தா சித்தாவுக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெள்ளையில் வெள்ளையைப் பிரித்துக் காட்டுவது நிழல் ஒன்றுதான். அதனால் பக்கச் சாளரங்களில் வெயில் சாய்வாக விழும் காலையோ பிற்பகலோ நல்லது. கைபேசியின் பளிச்சொளி அந்த நிழலைத்தான் முதலில் அழிக்கும். அதை அணைத்துவிட்டு, சுவருக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்று படமெடுங்கள்.