சனிக்கிழமை ரேஸும் ஸ்பான்சர் பிடிக்கிற வேலையும்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்டாக் கார் ரேஸ், அதாவது சாதாரணக் கார் உருவத்தில் இருக்கிற வண்டிகளின் பந்தயம் என்றதும் டேடோனா என்ற பெரிய பந்தய மைதானமும் டிவியில் பார்த்த பெரிய கூட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. வசந்தம் வந்ததிலிருந்து இலையுதிர் காலம் வரை, சனிக்கிழமை இரவானால் அமெரிக்காவின் சின்ன ஊர்களில் விளக்குப் போட்டு நடக்கிற உள்ளூர் ரேஸ் இருக்கிறதே, அதைப் பற்றி. கால் மைல், அரை மைல் நீளத்தில் ஒரு முட்டை வடிவப் பாதை. சில ஊரில் தார், சில ஊரில் களிமண். வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் பக்கம் போனால் போமன் கிரே ஸ்டேடியத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் தார்ப்பாதை. 1949-லிருந்து அங்கே, அமெரிக்காவின் பெரிய ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் ரேஸ் நடக்கிறது. ஓட்டுகிறவர்களில் பலர் வாரம் முழுக்க பிளம்பராகவோ மெக்கானிக்காகவோ கம்ப்யூட்டர் முன்னாலோ வேலை பார்க்கிறவர்கள்.

அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்களும் இப்போது இதில் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். பழைய நான்கு சிலிண்டர் ஹோண்டா ஒன்றை வாங்கி, கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு அடித்தால் அடிமட்ட வகுப்பில் இறங்கிவிடலாம். கார் வாங்குவது பெரிய செலவில்லை, வாராவாரம் ஓட்டுவதுதான் செலவு. ரேஸ் டயர் ஒன்று 150, 200 டாலர். காரைத் தயார் செய்கிற இடமான பிட்டுக்குள் நுழைய ஓட்டுநருக்கு மட்டுமல்ல, கூட வரும் ஒவ்வொருவருக்கும் அனுமதிச் சீட்டு. ரேஸ் சீட் பெல்ட்டில், பந்தயப் பாதுகாப்புச் சாமான்களுக்குத் தரம் வகுக்கிற எஸ்எஃப்ஐ அமைப்பின் முத்திரை பார்த்திருப்பீர்கள், வழக்கமான 16.1 தரப் பட்டைக்கு அதில் குத்தியிருக்கும் தேதியிலிருந்து இரண்டு வருஷம்தான் ஆயுள். கிழியாமல் புதிதாக இருந்தாலும் தேதி முடிந்தால் பரிசோதகர் வெளியே நிறுத்திவிடுவார். பரிசுப் பணமோ, அடிமட்ட வகுப்பில் முதலாவதாக வந்தால்கூட இரண்டு டயர் வாங்கப் போதாது. அதனால்தான் ஸ்பான்சர் தேவை.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கடைக்காரரிடம் போய், "எனக்கு ரேஸ் என்றால் உயிர், கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று கேட்கிறார்கள். உங்கள் பொழுதுபோக்குக்கு அவர் ஏன் பணம் தர வேண்டும்? அவர் மனசில் ஓடுவது ஒரே கேள்விதான்: இதனால் என் கடைக்கு யார் வருவார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் படியேறாதீர்கள். இன்றைக்கு இதை நான் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாரிடம் போவது? பெப்சி, டொயோட்டா என்று பெரிய கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது வீண். நீங்கள் ஏற்கெனவே காசு கொடுக்கிற இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வண்டிக்கு எண்ணெய் மாற்றுகிற கடை, டயர் கடை, டிங்கரிங் பெயிண்ட் அடிக்கிற இடம், முடி வெட்டுகிற கடை, மளிகை, வீட்டுக் கூரை போட்ட கான்ட்ராக்டர், பல் டாக்டர். உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் ஓட்டுகிற டிராக்குக்கு வருகிற கூட்டம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சுற்றுவட்டாரத்திலிருந்து. பிளம்பருக்கும் டயர் கடைக்கும் தேவையான வாடிக்கையாளர்கள் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். பெப்சிக்கு அந்தக் கணக்கு இல்லை.

பணமாகத்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். சின்னக் கடைக்காரருக்கு 500 டாலர் ரொக்கம் கையை விட்டுப் போவது வலிக்கும். அதே மதிப்புக்கு வேலையோ பொருளோ கொடுப்பது அவ்வளவு வலிக்காது. டயர் கடைக்காரர் டயர் மாட்டி, பேலன்ஸ் பார்த்துக் கொடுக்கட்டும். உதிரிப்பாகக் கடை அடக்க விலைக்கு பிரேக் பேடு தரட்டும். பீட்ஸாக் கடை சனிக்கிழமை உங்கள் பிட் ஆட்களுக்குச் சாப்பாடு தரட்டும். அதுவும் ஸ்பான்சர்தான். என்னைக் கேட்டால், எல்லோருக்கும் முன்னால் போய்ப் பார்க்க வேண்டியவர் ஸ்டிக்கர் வெட்டுகிற சைன் கடைக்காரர். அவர் உங்கள் பக்கம் வந்துவிட்டால், அடுத்து வருகிற ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் எழுத்து வெட்டுகிற செலவு குறைந்துவிடும்.

ஸ்டிக்கர் என்று வந்துவிட்டேன். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், நேரம் எடுத்துக்கொள்வேன்.

இந்த ரேஸ்களில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பிச் சுற்றும். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. பார்வையாளர்கள் உட்காருவது பெரும்பாலும் பாதைக்கு வெளிப்பக்கம். அப்படியானால் அவர்கள் கண்ணில் படுவது காரின் எந்தப் பக்கம்? வலப்பக்கம். யோசித்துப் பார்த்தால் எளிது, ஆனால் அதிகப் பணம் தந்தவர் பெயரை ஓட்டுநர் கதவுப் பக்கம், அதாவது இடப்பக்கம் ஒட்டி வைத்திருக்கிற கார்கள் நிறைய. அந்தப் பெயரைப் பார்க்கிறவர்கள் பிட்டில் நிற்கிற ஆட்கள் மட்டும்தான். நல்ல இடம் வலப்பக்கத்தில், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற அகலமான தகடு. குவார்ட்டர் பேனல் என்பார்கள். கதவிலும் கூரையிலும் கார் எண் இருக்க வேண்டும். சுற்று எண்ணுகிறவருக்கு அது தெளிவாகத் தெரிய வேண்டும். எண்ணை உரசினாற்போல ஸ்பான்சர் பெயரை ஒட்டினால் டிராக் அதிகாரி பிய்க்கச் சொல்வார்.

ஒரு சிக்கலும் உண்டு. தார்ப்பாதையில் சுவரில் உரசுவதும் அதே வலப்பக்கம்தான். மூன்றாவது வாரமே 'ஏசி ரிப்பேர்' என்ற பெயரில் பாதி சுவரோடு போயிருக்கும். அதனால் வலப்பக்க எழுத்தை மட்டும் எப்போதும் இரண்டு செட் வெட்டி வையுங்கள். களிமண் டிராக்கில் வேறு தொல்லை: முதல் பத்துச் சுற்றில் சேறு அப்பிக்கொள்ளும். மண் ஒட்டாமலிருக்க ரேஸுக்கு முன்னால் அடிக்கிற ஸ்ப்ரே உண்டு, அடித்துவிடுங்கள். ஓட்டம் முடிந்து காரை நிறுத்தியதும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஸ்பான்சர் பெயரைத் துடைக்க ஒரு ஆளை நியமியுங்கள். ரசிகர்களைப் பிட்டுக்குள் விடுகிற இரவுகளில் படம் எடுப்பது அப்போதுதான்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சைன் கடைக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு இது: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். பார்வையாளர் மேடை நூறு அடியில் இருந்தால் எழுத்து பத்து அங்குலம். தகட்டின் உயரமே ஏறக்குறைய இரண்டடிதான். ஆக, இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. கடையின் பெயர் ஒரு வரி, தொழில் என்ன என்று ஒரு வரி, அவ்வளவுதான். தொலைபேசி எண், இணைய முகவரி, "1998 முதல் உங்கள் சேவையில்" எல்லாம் வேண்டாம். நம்மூர்க் கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரைக் குடும்பத்தோடு எழுதி, வெளிச்சமே வராமல் செய்துவிடுவார்களே, கார் அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது. ராத்திரி விளக்கில் கறுப்பின் மேல் சிவப்பு தெரியாது. கறுப்பின் மேல் மஞ்சள், நீலத்தின் மேல் வெள்ளை நன்றாகத் தெரியும். வளைந்து நெளிகிற எழுத்து கல்யாணப் பத்திரிகைக்கு அழகு, காருக்கு வேண்டாம்.

இன்னொன்று. ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவருக்கு ஸ்பான்சர் பெயர்களை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுங்கள். நம் ஆட்கள் கடை என்றால் அசை பிரித்து எழுதிக் கொடுங்கள். 'செட்டிநாடு' அவர் வாயில் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். அறிவிப்பாளர் கூச்சப்பட்டுப் பெயரையே விட்டுவிட்டால் ஸ்பான்சருக்கு நஷ்டம்.

காரின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது ரிச்சர்ட் பெட்டியைச் சொல்லாமல் போக முடியாது. நாஸ்கார் ஓட்டுநர், கார் எண் 43, ஏழு முறை சாம்பியன், 200 வெற்றிகள். அவருடைய கார் ஒரு தனி வெளிர்நீலம். 'பெட்டி நீலம்' என்றே அதற்குப் பெயர். கார் தயாரிக்கிற கிரைஸ்லர் கம்பெனி ரேஸுக்குக் கொடுத்த பணத்தைச் சுருக்கிக்கொண்ட நேரம். 1972-இல் எஸ்டிபி என்ற எண்ணெய்க் கலவைக் கம்பெனி ஸ்பான்சராக முன்வந்தது. அதன் தலைவர் ஆண்டி கிரனடெல்லி. அவருக்குக் கார் முழுக்கத் தன் கம்பெனியின் சிவப்பு வேண்டும். பெட்டி நீலத்தை விடமாட்டேன் என்றார். முழுச் சிவப்பாக அடித்தால் கூடுதல் பணம் என்று சொல்லிப் பார்த்தார் கிரனடெல்லி. அப்போதும் பெட்டி மசியவில்லை. கடைசியில் பாதி சிவப்பு, பாதி நீலம். இருவரும் அரை மனசோடு ஒத்துக்கொண்ட அந்த இரண்டு நிறம்தான் பிறகு நாஸ்காரிலேயே எல்லோருக்கும் தெரிந்த காராக ஆனது. 1992-இல் பெட்டி ஓய்வு பெறும்வரை எஸ்டிபி கூடவே இருந்தது. உங்களுக்கு வேலைக்காகிற விஷயம் என்னவென்றால், எதை விற்கமாட்டீர்கள் என்று உள்ளே போவதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சிலர் மதுக்கடைப் பெயரைப் போடமாட்டார்கள், பெட்டியும் அப்படித்தான். சிலருக்குக் கார் எண்ணை மாற்ற மனசு வராது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இல்லை.

ஜெயிக்காதவனுக்கு யார் தருவார்கள் என்று கேட்பீர்கள். கோவைக்காரர் நாராயண் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டியவர், 2010-இல் நாஸ்காரின் டிரக் ரேஸ் தொடரில் ஓட்டினார். அங்கே ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் ரசிகர்கள் வாக்குப் போட்டு, அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேகத்துக்கும் பெயருக்கும் அப்படி ஒன்றும் கட்டாய உறவு இல்லை. கடைக்காரர் கேட்பது கோப்பையையா? மறுபடியும் அதே கேள்விதான்: என் கடைக்கு யார் வருவார்கள்?

அதற்கு நேரடியான பதில், காரைக் கடை வாசலுக்கே கொண்டுபோவது. டிரெய்லரில் ஏற்றி, சனிக்கிழமை காலையில் அவர் பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். குழந்தைகள் ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் கிழிந்த தகட்டு ஓரங்களில் டேப் ஒட்டுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், காரை விட்டு நகராமல் ஒரு ஆள் நிற்கட்டும். கட்டடத்துக்குள்ளே நிறுத்துவதானால் பெட்ரோல் டேங்கை ஏறக்குறைய காலியாக வைக்கச் சொல்வார்கள். ஸ்டிக்கரை விட இதற்குத்தான் கடைக்காரர்கள் மனசு இளகும் என்பது என் அபிப்பிராயம்.

எப்போது போய்க் கேட்பது? மார்ச் மாதம் ஓடாதீர்கள். அடுத்த வருஷ விளம்பரப் பணத்தை இலையுதிர் காலத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் போங்கள். உணவகம் என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல், நாலு மணிக்குள். கவுண்டரில் நிற்கிறவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முதலாளி எப்போது இருப்பார் என்று கேட்டு மறுபடி போங்கள். தாள் ஒரு பக்கம் போதும்: காரின் படம், எந்த டிராக், எத்தனை இரவு, அவருக்கு என்ன கிடைக்கும், எவ்வளவு. கூட்டம் எவ்வளவு வருகிறது என்பதை டிராக் நடத்துகிறவரிடம் கேட்டு எழுதுங்கள். நீங்களாகப் பெருக்கினால் ஒரு தடவை நேரில் வந்து பார்த்ததும் மானம் போய்விடும். தொகை மூன்று படியாக இருக்கட்டும். அடிமட்ட வகுப்புக்கு நான் சொல்வது, முன் மட்கார்டில் சின்னப் பெயர் 100 டாலர், வலப்பக்கத் தகடு 500, பானெட்டும் கடை வாசல் வருகையும் சேர்த்து 1000. ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வருஷப் பட்டியலில் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் பாக்கி. ஒப்பந்தம், வரி, விசா மூன்றும் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். அந்த விசாவில் விண்ணப்பித்த கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். பரிசுப் பணமும் ஸ்பான்சர் பணமும் ஊதியமாகக் கருதப்பட வாய்ப்புண்டு. பொருளாக வாங்கினாலும் அப்படித்தான். கை நீட்டுவதற்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். வரியைப் பொறுத்தவரை, கடைக்காரர் இதை விளம்பரச் செலவாகத்தான் எழுதுவார், தர்மக் கணக்கில் அல்ல. உங்களுக்கு அது வருமானம். பொழுதுபோக்கு என்று வருமான வரித்துறை கருதினால் உங்கள் செலவைக் கழிக்க முடியாது. கணக்காளரிடம் போய்விடுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். தொகை, எழுத்தின் இடம், அளவு, பணம் எப்போது. பாதிப் பணம் சீசன் தொடங்குவதற்கு முன்னால், மீதி ஜூலையில். கார் நொறுங்கி நாலு வாரம் ஓடவில்லை என்றால் என்ன செய்வது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். சண்டை அங்கேதான் வருகிறது. ஓடாத வாரத்துக்குப் பதிலாக ஒரு கடை வாசல் வருகை என்று போடலாம். ஒரே தொழிலில் இரண்டு பேரை ஏற்றாதீர்கள். பிட்டில் அடிதடி நடந்தால் அவர் விலகிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

சீசன் முடிந்ததும் அவர் பெயர் தெரிகிற படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், கடைச் சுவரில் மாட்டுவார். அடுத்த வருஷத் தாளையும் அன்றைக்கே கையோடு எடுத்துப் போங்கள். வணக்கம்.