நூறு ரூபாயில் இருபது காசு

(தக்கலையில் நடந்த ஒரு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. ஃபேனை நிறுத்தினால் சரியாகும் என்கிறார்கள். வேண்டாம், ஃபேன் ஓடட்டும். முப்பது வருஷம் வகுப்பெடுத்த தொண்டை, சமாளித்துக்கொள்ளும். இன்றைக்குப் பேச்சு ராணுவச் செலவையும், ஐ.நா. அமைதிப்படையில் பெண்களையும் பற்றி.

பஸ்ஸில் வரும்போது புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை மதிலைப் பார்த்தேன். இன்றைக்கு அங்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மான் பார்க்கப் போகிறோம். உள்ளே டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர் பக்கம் நின்று சண்டை போட்டு, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, கடைசியில் அவர் படைக்கே தளபதியானவர். இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்திருக்கிறார்கள். சரி, அதற்குக் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு நல்லமிளகிலிருந்து. மிளகு வியாபாரத்தை அரசர் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். கொடி வளர்த்தவன் இஷ்டப்பட்ட ஆளுக்கு விற்க முடியாது. ராணுவச் செலவு என்றால் டெல்லிக்காரர் பேசுகிற விஷயம் என்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் இங்கே அது தோட்டத்து விஷயம்.

இந்தக் காலத்துக் கணக்குக்கு வருவோம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். நூறு ரூபாயாகச் சுருக்கினால், சுமார் 26 ரூபாய் விமானம், கப்பல், பீரங்கி போன்ற மூலதனச் செலவு. சுமார் 24 ரூபாய் ஓய்வூதியம். மீதியில் பெரும்பகுதி சம்பளம், சாப்பாடு, டீசல், பழுதுபார்ப்பு. 2022-இல் ராணுவத்துக்கு ஆளெடுக்க அக்னிபாத் திட்டம் வந்தபோது, படை இளமையாக வேண்டும் என்று அரசு காரணம் சொன்னது. நாலு வருஷம் வேலை, அதற்குப் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை உள்ளே, மற்றவர்கள் வீட்டுக்கு. அந்த 24 ரூபாயும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். முன்வரிசையில் இருக்கும் பட்டாளத்து அண்ணாச்சிமார் முகம் மாறுகிறது. உங்கள் பென்ஷனில் யாரும் கைவைக்கவில்லை, பயப்பட வேண்டாம்.

என் சித்திக்கு அந்த 24 ரூபாயில் ஒரு துளி வருகிறது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர். சித்தி வருஷக்கணக்காக அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் கறுத்து ரேகையே தேய்ந்துவிட்டது. நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டுமே, விரலை வைத்தால் கருவி ஏற்கவில்லை. மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை ஒரு சின்னப் பெண் கண்ணைப் படமெடுத்து முடித்துக்கொடுத்தாள். அந்த வசதி முதல் நாளே அங்கே இருந்திருக்கிறது. எதிரே நிற்பவளின் கையை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து 2024-இல் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். ஐ.நா. அமைதிப்படைகளின் 2024-25 பட்ஜெட் சுமார் 560 கோடி டாலர். அங்கே நூறு ரூபாய் என்றால் இங்கே இருபது காசு. அந்த இருபது காசும் ஒழுங்காக வருவதில்லை. நாடுகள் பாக்கி வைத்ததால், படையில் ஏறக்குறைய கால்வாசியைக் குறைக்கப்போவதாக 2025 அக்டோபரில் ஐ.நா. சொல்லிவிட்டது.

அமைதிப் பணியில் பெண்களும் வேண்டும் என்ற பாதுகாப்பு மன்றத்தின் 1325-ஆம் தீர்மானம் 2000-இல் வந்தது. பெண் என்றால் சாந்தம், அதனால் சமாதானம் வரும் என்று மேடைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் தெருக் குழாயடியில் ஒரு காலை நின்று பாருங்கள், சாந்தம் எவ்வளவு என்று தெரியும். காரணம் வேறு. ஒக்கிப் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30-க்கு அப்புறம் கடலில் எத்தனை பேர் என்று அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் வாரக்கணக்கில் ஒத்துப்போகவில்லை. எந்த வள்ளம், அதில் யார் யார், எத்தனை நாளைக்கு அரிசி ஏற்றினார்கள் என்பதெல்லாம் வீட்டிலிருந்த பெண்களுக்குத் தெரியும். அதிகாரி ஊருக்குள் வந்தால் முன்னால் வந்து பேசுவது ஆண்கள். போர் நடந்த ஊரிலும் இப்படித்தான். தண்ணீருக்குப் போகிற எந்தப் பாதையில் பயம் இருக்கிறது என்று சொல்லக்கூடியவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். துப்பாக்கியோடு வந்த அந்நிய ஆணிடம் அவள் அதைச் சொல்ல மாட்டாள்.

லைபீரியாவில் இது நடந்தது. பதினாலு வருஷ உள்நாட்டுச் சண்டை 2003-இல் முடிந்த நாடு. 2007 ஜனவரியில் நம் மத்திய ரிசர்வ் போலீஸின் பெண்கள் நூற்றுச் சொச்சம் பேர் அங்கே இறங்கினார்கள். ஐ.நா. பணிக்கு முழுக்கப் பெண்களே கொண்ட போலீஸ் பிரிவு போனது அதுதான் முதல் தடவை. ராத்திரி ரோந்து, கலவரம் அடக்குவது, அதிபர் அலுவலகக் காவல் எல்லாம் செய்தார்கள். அதிபரும் ஒரு பெண்தான், எலன் ஜான்சன் சர்லீஃப். ஒரு குழு திரும்ப அடுத்த குழு என்று 2016 வரை இருந்தார்கள். அவர்களைப் பார்த்து உள்ளூர்ப் பெண்களும் போலீஸில் சேர வந்தார்கள்.

இது தீர்மானத்தால் மட்டும் வந்ததா? இல்லை. 1986-இல் டெல்லியில் மத்திய ரிசர்வ் போலீஸுக்குள் 88-ஆவது பட்டாலியன் என்று ஒரு மகளிர் பட்டாலியனை உண்டாக்கினார்கள். குடியிருப்பு, கழிப்பறை, பூட்ஸ் அளவு, பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் அன்றைக்கே யாரோ பணம் ஒதுக்கினார்கள். இருபது வருஷம் கழித்து ஐ.நா. கேட்டபோது ஆள் தயாராக இருந்தார்கள். அன்று அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர் லைபீரியாவை நினைத்திருக்கவே மாட்டார்.

ராணுவத்தில் அந்த 1986 நடக்கவில்லை. ஐ.நா. பெரும்பாலும் கேட்பது காலாட்படைப் பட்டாலியன். நம் காலாட்படையில் பெண்களுக்கு இடமில்லை. அதனால் ஆண்கள் பட்டாலியனோடு ஒரு சின்னப் பெண்கள் குழுவை ஒட்டவைத்து அனுப்புகிறோம். காங்கோவில் அப்படிப்பட்ட குழுவை நடத்திய மேஜர் ராதிகா சென்னுக்கு 2023-க்கான ஐ.நா. விருது கிடைத்தது. தெற்கு சூடானில் வேலை பார்த்த மேஜர் சுமன் கவானிக்கு 2019-க்கானது. பெருமைதான். ஆனால் படைப்பிரிவுகளில் 2028-க்குள் நூற்றுக்குப் பதினைந்து பெண்கள் என்று ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது. ஒட்டவைத்தே அந்தப் பதினைந்தை எட்ட முடியாது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கிடைக்கவே 2020-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ராணுவப் போலீஸில் பெண் சிப்பாய்களின் முதல் அணி பயிற்சி முடித்ததே 2021-இல்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அமைதிப்படை ஆண்களே உள்ளூர்ப் பெண்களிடம் தப்பாக நடந்த கேவலம் பல நாடுகளில் நடந்திருக்கிறது. பெண்களை அனுப்பினால் அது குறையும் என்று ஒரு வாதம் உண்டு. கூட வேலை செய்கிற ஆணைக் கண்காணிப்பதும் இவள் வேலையா? அதற்கு விசாரணையும் தண்டனையும் வேண்டும்.

கூட்டம் தொடங்குமுன் என்.சி.சி. பிள்ளை ஒருத்தி வந்து, "டீச்சர், நீலத் தொப்பி போட எங்க அப்ளை பண்ணணும்?" என்று கேட்டாள். ஐ.நா. அமைதிப்படைக்காரர் போடும் தொப்பியைச் சொல்கிறாள். நேராக முடியாது மக்களே, முதலில் ராணுவத்திலோ போலீஸிலோ இருக்க வேண்டும் என்றேன். ராணுவப் போலீஸ் என்றால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 162 சென்டிமீட்டர் உயரம். அவள் 160. ஊக்கு குத்தி ஒரு அங்குலம் மடித்துவைத்த பேன்ட். அவள் அளவு ஸ்டோரில் இல்லையாம், ஆண் பிள்ளைகளுக்கு வந்ததைத்தான் கொடுத்தார்களாம்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள். நான் கணக்கில் எங்கேயாவது தப்பு விட்டிருந்தால் அண்ணாச்சிமார் திருத்தலாம்.