650 ரூபாய் செடி செத்தது, ஓசியில் வந்தது பூத்தது

வணக்கம் மக்களே. மாடியில் இன்றைக்குக் காற்று அதிகம், மைக்கில் கரகரவென்று கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதப் பார்சல் வீடியோ பார்த்தவர்களுக்கு அந்த ட்ரோசெரா ஞாபகம் இருக்கும், பசை இலையில் பூச்சி பிடிக்கும் செடி. 650 ரூபாய், கூரியர் 120 தனி. கட்டைவிரல் அகலச் செடிக்கு 770 ரூபாய்! சரியாகப் பன்னிரண்டாவது நாள் கறுத்துச் சுருண்டுவிட்டது. ஊற்றியது ஆர்.ஓ. தண்ணீர்தான், போர் தண்ணீர் ஊற்றி நெபந்தஸ் என்ற குடுவைச் செடியைக் கொன்ற பிறகு எனக்குப் புத்தி வந்துவிட்டது, அதனால் கமெண்ட்டில் அதை ஆரம்பிக்காதீர்கள். விற்றவருக்குப் போட்டோ அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை.

சரி, தொட்டியில் மண்ணுக்குப் பதில் போட்ட பீட் மாஸ் என்ற மக்கிய பாசியையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று நேற்றுத் தொட்டியைக் கவிழ்க்கப் போனால், தலைமுடி மாதிரி ஒரு காம்பு நிற்கிறது, நுனியில் மஞ்சளாகப் பூ! சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. யூட்ரிகுலேரியா சுபுலாட்டா, மக்களே. இதுவும் பூச்சியுண்ணும் செடிதான். அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று ஈரமண் கண்ட இடமெல்லாம் முளைப்பது. பூச்சியுண்ணும் செடி வளர்ப்பவர்கள் களை என்று திட்டுவார்கள். திட்டட்டும். காசு கொடுத்தது செத்தது, களை பூத்திருக்கிறது.

இதற்கு வேரே கிடையாது. பள்ளியில் வேர், தண்டு, இலை என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்தக் கணக்கெல்லாம் இதனிடம் செல்லாது. மண்ணுக்குள் நூல் நூலாக ஓடுகிறது, அந்த நூலில்தான் இரை பிடிக்கும் பைகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. என் மேக்ரோ லென்ஸில் வெறும் புள்ளிதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாவின் பொம்மை மைக்ரோஸ்கோப்பைக் கெஞ்சி வாங்கி, ஒரு சிட்டிகை மண்ணைப் பாட்டில் மூடித் தண்ணீரில் அலசி, முக்கால் மணி நேரம் குனிந்து கழுத்து பிடித்துக்கொண்ட பிறகு, இதோ பாருங்கள், வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி ஒன்று. வாய்க்கு மேலே மீசைகூட இருக்கிறது.

பை தனக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே அழுத்தம் குறைந்து, ஜூஸ் தீர்ந்த பிறகும் உறிஞ்சினால் டப்பா ஒடுங்குமே, அப்படிச் சுவர் உள்வாங்கி நிற்கும். கதவருகே உள்ள முடியில் ஒரு நுண்புழு இடித்தால் போதும், கதவு உள்பக்கம் மடிய, தண்ணீரோடு புழுவும் உள்ளே. நீரில் வாழும் யூட்ரிகுலேரியாக்களில் பிரான்ஸ்காரர்கள் அளந்து 2011இல் வெளியிட்டார்கள்: ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் அதில் ஒரு துண்டுக்குள் வேலை முடிந்துவிடுகிறது! அப்புறம் அரை மணி நேரத்தில் மறுபடி தயார். டார்வினே 1875இல், பிராணிகள் தாமே கதவை முட்டித் தள்ளிக்கொண்டு நுழைகின்றன என்றுதான் எழுதினார். எனக்கு இதில் என்னவோ ஒரு சந்தோஷம்.

ஆங், எப்படி அடையாளம் கண்டுபிடித்தேன் என்று சொல்லவே இல்லையே. காம்பின் மேல்பகுதி பூவுக்குப் பூ வளைந்து வளைந்து போகும். பூக்காம்பின் அடியில் ஒரு செதில், அது ஓரத்தில் ஒட்டாமல் நடுவில் ஒட்டியிருக்கும், குடைக்குக் கம்பி மாதிரி. ஃபோகஸ் போகிறது... ஆ, இதுதான்.

நீலப்பூ ஒன்று கண்ணூர்ப் பக்கம் மாடாயிப்பாறையில் மழைக்காலத்தில் பாறையே தெரியாமல் பூக்கும், காக்காப்பூ என்பார்கள், ஓணத்துப் பூக்கோலத்துக்கும் பறிப்பார்கள். அதுவும் இந்த யூட்ரிகுலேரியா வகைதான். அடுத்த வருடம் போகலாம் என்று ஆசை.

இப்போதைக்கு இதைத் தனித் தட்டில் வைத்துவிட்டேன். ஏனென்றால் இதற்குத் திறக்காத பூவும் உண்டு, மூடியபடியே தன் மகரந்தத்தை வைத்தே விதை கட்டி மற்ற தொட்டிகளுக்கும் போய்விடும். தட்டில் தண்ணீர் அரை அங்குலம். தொட்டி பழைய ஐஸ்கிரீம் டப்பா. இதுவரை செலவு பூஜ்யம். அந்த 650ஐ நான் இன்னும் மறக்கவில்லை, இன்று காலையும் ஒரு மெசேஜ் போட்டேன். டிக் இன்னும் நீலமாகவில்லை.