மாமியாரைத் திட்டுகிறோம், மகனை விட்டுவிடுகிறோம்: நாலிவுட் பெண்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு நைஜீரியாவின் நாலிவுட் படங்கள். அதிலும் அங்கே வரும் பெண்களைப் பற்றி மட்டும்.

1992-இல் வந்த 'லிவிங் இன் பாண்டேஜ்' படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களின் மொழியில் வந்த படம், வீடியோ கேசட்டிலேயே விற்றுத் தீர்ந்தது. ஆண்டி என்று ஒருவன். சேக்காளிகள் காரில் போகிறார்கள், நாம் மட்டும் இப்படியே கிடக்கிறோமே என்று புழுங்குகிறான். ஒரு ரகசியக் கும்பல் அவனிடம், பணம் கொட்டும், ஆனால் நீ உயிராய் நினைக்கும் ஆளைப் பலி கொடு என்கிறது. அது அவன் மனைவி மெரிட். முதலில் அவளுக்குப் பதிலாக டினா என்ற பாலியல் தொழிலாளியைக் கூட்டிப்போய் ஏமாற்றப் பார்க்கிறான். தப்பிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு பெண்! அது பலிக்காமல் மெரிட்டையே கொடுத்துவிடுகிறான்.

அப்புறம் அவள் ஆவியாக வருகிறாள், இவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, எல்லாம் சரி. தெருவில் கிடப்பவனைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போவது யார் தெரியுமா? அதே டினா. அவன் மனம் திரும்பிவிடுகிறான். செத்தவள் செத்தவள்தான்.

அடுத்தது மாமியார்கள். பொல்லாத மாமியார் என்றாலே நாலிவுட் ரசிகர்களுக்குப் பேஷன்ஸ் ஓசோக்வோர் முகம்தான் கண்முன் வரும். என்ன நடிப்பு! இன்னும் பிள்ளை இல்லையா என்று மருமகளைக் குத்துவார், மகனுக்கு வேறொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துவார். இந்த மாதிரிக் கதைகளில் மகன் என்ன செய்கிறான்? சோபாவில் உட்கார்ந்தபடி, விடும்மா என்பான். இரண்டாவது கல்யாணம் அவனுக்கு, வசவு மட்டும் கிழவிக்கு.

விதவைக் கதைகளைப் பார்க்கவே முடியாது. நீதான் புருஷனைக் கொன்றாய் என்பார்கள், தலையை மழிப்பார்கள், குற்றமில்லை என்றால் பிணம் கழுவிய தண்ணீரைக் குடி என்பார்கள். இதெல்லாம் கதாசிரியர் கற்பனை இல்லை, இக்போ ஊர்களில் உண்மையிலேயே இருந்த வழக்கம். செய்கிறவர்கள் உமுவாடா, அதாவது செத்தவனின் வம்சத்தில் பிறந்த பெண்கள். வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொள்வது செத்தவனின் அண்ணன் தம்பிகள். அவர்களும் வில்லன்களாக வரத்தான் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படம் முடிந்த பிறகும் நம் கண்ணில் நிற்பது சவரக்கத்தி பிடித்த அந்தப் பெண்கள்தான். லாபம் பார்த்தவன் முகம் மறந்துபோகிறது. என் சண்டையே இதோடுதான்.

பெண் என்பதால் மகளுக்கு அப்பா சொத்தில் பங்கில்லை என்ற இக்போ வழக்கம் செல்லாது என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது. நாலு வருடம் கழித்து, 2018-இல், ஜெனிவீவ் நாஜி தானே இயக்கி நடித்த 'லயன்ஹார்ட்' வந்தது. எனுகு நகரத்தில் அப்பாவின் பேருந்து கம்பெனி. மகள் அடாயேசேதான் ஓடியாடி வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து படுத்ததும் பொறுப்பைத் தன் தம்பியிடம் கொடுக்கிறார். நான் அந்தச் சித்தப்பா வில்லனாகிவிடுவார் என்று காத்திருந்தேன். இல்லை, நல்ல மனுஷன், இரண்டு பேரும் சேர்ந்தே கடனைச் சமாளிக்கப் போராடுகிறார்கள். ரசித்துத்தான் பார்த்தேன். ஆனாலும் மகளைத் தாண்டிப்போன அந்த அப்பாவைப் படம் ரொம்பச் செல்லமாக விட்டுவிடுகிறது.

அதே வருடம் வந்த 'கிங் ஆஃப் பாய்ஸ்' நேர் எதிர்: லாகோஸின் நிழலுலகத்தையே ஆட்டிவைக்கும் ஒரு பெண். கெமி அடெட்டிபா இயக்கியது. அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன், இதில் அடங்காது. 'லயன்ஹார்ட்' பார்த்தவர்கள் அந்த அப்பாவை மன்னித்தீர்களா இல்லையா, கீழே எழுதுங்கள்.