வந்தியத்தேவனைப் பார்த்த கண்ணால் சித்தப்பாவைப் பார்ப்பது எப்படி?

வணக்கம் மக்களே! என் சித்திக்குக் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "நான் முதல்ல மனசுல நினைச்சது வந்தியத்தேவனைத்தான்" என்று சொல்வார். ஆமாம், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் குதிரையில் வருகிற அதே வீரன்தான். சித்தப்பாவுக்குக் கும்பகோணம் பக்கத்தில் மூன்று ஏக்கர் நெல்லும் ஒரு உரக்கடையும் உண்டு. குதிரை கிடையாது, டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது.

கதையில் வரும் ஆள் மேல் கிரஷ் வைத்தால் நிஜத்தில் எந்த ஆளும் பிடிக்காமல் போய்விடுமா? இதுதான் இன்றைய வீடியோ.

முதலில் கொஞ்சம் பாடம், இருபது நொடிதான், ஓட்டிவிடாதீர்கள். 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்று இரண்டு பேர், டிவியில் வருகிறவர்கள் மேல் பார்க்கிறவர்களுக்கு வரும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதி, அதற்குப் 'பாராசோஷியல்' என்று பெயர் வைத்தார்கள். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. அவ்வளவுதான். அட, நம்ம ஊரில் இதற்குத் தனியாக ஒரு இலக்கிய வகையே உண்டு, உலா! 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழ ராஜாக்களுக்குப் பாடியிருக்கிறார். ராஜா யானை மேல் பவனி வருவார், வயதில் மூத்த பேரிளம்பெண் வரைக்கும் பார்த்து உருகுவார்கள், கையில் வளை நிற்காது, யானை அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ வாசல்தான், வேறென்ன.

சரி, பொன்னியின் செல்வனுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சோழ இளவரசி குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறித்திருக்கிறார்கள். அந்தத் துளி விவரத்தை எடுத்துக்கொண்டு கல்கி 1950 அக்டோபரிலிருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினார். மூன்றரை வருஷம் வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிற ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? பத்திரிகையிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்டு செய்து வைத்த பாட்டியின் தொகுதி இப்போது சித்தியிடம் இருக்கிறது. காலிகோ அட்டை, புரட்டினால் ஓரம் உதிர்கிறது, ஒரு பக்கம் மணியம் வரைந்த படம், அதன் முதுகில் பாதியில் அறுந்த ஒரு ஜோக். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மூலை மடித்திருக்கிறது. குடந்தை ஜோதிடர் வீடு.

அது என்ன சீன் என்றால், உள்ளே குந்தவையும் அவள் தோழி வானதியும் ஜோசியம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வாசலில் சீடன் தடுக்கிறான், நம்ம ஆள் அவனை மீறிக்கொண்டு திடுமென்று நுழைந்துவிடுகிறான், நுழைந்தவன் குந்தவையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுகிறான். அதே கும்பகோணத்தில்தான் சித்தியின் ஜாதகமும் பொருத்தம் பார்க்கப் போனது. சித்தப்பா உள்ளேயே வரவில்லை. வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாராம்!

ஆனால் கெடுக்கிறது இந்தக் குதிரையோ வாளோ இல்லை என்பது என் கட்சி. குதிரை வராது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். விஷயம் வேறு. வந்தியத்தேவன் என்ன நினைக்கிறான், எப்போது பயப்படுகிறான், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் எப்படித் தவிக்கிறான், எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கல்கி நமக்குச் சொல்லிவிடுகிறார். நாமும், ஒருத்தரைப் பிடித்திருந்தால் அவர் மனசு தானாகத் தெரிந்துவிடும் என்று பழகிவிடுகிறோம். சித்தப்பாவுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கல்யாணமான புதிதில் சித்தி தினமும் கேட்பாராம், "என்ன யோசிக்கிறீங்க?" பதில், "ஒண்ணுமில்ல." அந்த ஒண்ணுமில்லவுக்குள் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கச் சித்திக்கு நாலு வருஷம் ஆயிற்று. ஜூன் 12க்கு மேட்டூர் அணையைத் திறப்பானா, திறந்தால் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு எப்போது வந்து சேரும், குறுவை நெல்லுக்கு விதை விடலாமா வேண்டாமா. அவ்வளவும்!

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் மணிமேகலைதான் (1954இல் முடிந்த கதைக்கு ஸ்பாய்லர் அலர்ட் போட மாட்டேன், போங்கள்). அண்ணன் கந்தமாறன் தன் சிநேகிதன் வந்தியத்தேவனைப் பற்றி அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான், அவள் அந்தப் பேச்சிலேயே ஒரு ஆளைச் செய்து மனசில் உட்கார வைத்துவிடுகிறாள். கேட்டுக் கேட்டு வந்த காதல், நாம் படித்துப் படித்து வைக்கிறோமே, அதேதான். கடைசியில் நிஜ வந்தியத்தேவனின் மனசு குந்தவையிடம் இருக்கிறது, இவள் சித்தம் கலங்கிச் செத்துப்போகிறாள், நாவலே அந்தச் சாவில்தான் முடிகிறது. ஊரையே ஒரு கற்பனை ஆள் மேல் கிரஷ் வைக்கச் செய்துவிட்டு, அதே கதைக்குள் கிரஷ் வைத்த பெண்ணைக் கொன்று முடித்தாரே, அந்தக் கல்கியை என்ன சொல்வது! சித்தியிடம் கேட்டால், "அந்த அத்தியாயத்தை நான் ரெண்டாவது தடவை படிக்கவே இல்ல" என்கிறார்.

பையன்களே, சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இருக்கிறது. கோடிக்கரையில் ராத்திரி தனியாகப் படகு விடுகிற பூங்குழலியை டீபியாக வைத்திருப்பவர், பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்கிற முதல் கேள்வி, "வேலையை விட்டுடுவாங்களா?" அப்படிப்பட்டவர் யாராவது தெரிந்தால் பேர் போடாமல் கமெண்டில் எழுதுங்கள், ஊர் மட்டும் போதும்.

2022 செப்டம்பரில் படம் வந்ததும் சித்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு போனார். கார்த்தி குதிரையில் பொன்னி நதி ஓரமாகப் பாடிக்கொண்டே வருகிறார், இந்தப் பக்கம் சித்தியின் கண் கலங்கியிருக்கிறது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா மெதுவாகச் சித்தி காதருகே குனிந்தார்.

"மேட்டூர் கட்டாத காலம்ல. அதான் தண்ணி இப்படிப் போவுது."