ஒரு றாத்தல் 450 கிராமா, 454 கிராமா?

அடுத்த கேள்வி வெள்ளவத்தையிலயிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறா. வாசிக்கிறன்: "அமெரிக்காவில கடை வச்சிருக்கிற சொந்தக்காரருக்கு மிளகு பைக்கற் பண்ணி அனுப்பினனாங்கள். ஒரு றாத்தல் பைக்கற் எண்டு கேட்டவர். 450 கிராம் நிறுத்துப் போட்டம். இப்ப நிறை காணாது எண்டு சொல்லுறார். எங்கட தராசு பிழையோ?"

அக்கா, தராசு சரி. உங்களை ஏமாத்தினது பாண்! பேக்கரியில "ஒரு றாத்தல் பாண் தாங்கோ" எண்டு கேட்டால் 450 கிராம் இருந்தால் காணும். 2024ல வர்த்தமானி போட்டதும் அப்பிடித்தான், முழுப் பாண் 450, அரைப் பாண் 225. அதால எங்களுக்கு றாத்தல் எண்டால் 450 எண்டு மனசில பதிஞ்சு போச்சு. ஆனால் உண்மையான றாத்தல் 453.59 கிராம். ஒரு பைக்கற்றில மூண்டரைக் கிராம் ஒண்டுமில்லைத்தான். நூறு பைக்கற்றில 360 கிராம் மிளகு வருதே, மிளகு விக்கிற விலைக்கு அவர் கேப்பார்தானே.

அங்க லேபல்ல அவுன்ஸ், றாத்தலும் போட வேணும், கிராமும் போட வேணும். ரெண்டும் துல்லியமாப் பொருந்தாட்டி, எது கூடவோ அதை வச்சுத்தான் நிறுத்துப் பாப்பினம். ஒரு றாத்தல், 454 கிராம் எண்டு அடிச்சால் உங்களுக்குக் கணக்கு 454. ஒவ்வொண்டும் அச்சொட்டா இருக்கத் தேவையில்லை, கொஞ்சம் கூடிக் குறையலாம். ஆனால் மொத்தமா எடுத்த சராசரி லேபலுக்குக் கீழ போகக்கூடாது.

இன்னொண்டு, நீங்கள் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். நாளைக்கு அவர் மூட்டையாக் கேட்டால் கவனம். புறக்கோட்டையில பழைய ஆக்கள் "ஒரு அந்தர்" எண்டால் 112 றாத்தல், கிட்டத்தட்ட 50.8 கிலோ. அமெரிக்காக்காரன் அதே அந்தருக்கு 100 றாத்தல்தான் கணக்குப் பாப்பான், 45.36 கிலோ. ஒரு மூட்டைக்கு அஞ்சரைக் கிலோ வித்தியாசம்! டன்னும் அப்பிடித்தான், அவனுக்கு 907 கிலோ, பழைய இங்கிலீஸ் டன் 1016 கிலோ. அதால விலை பேசேக்கையே கிலோவில பேசுங்கோ, கடிதத்திலயும் கிலோவில எழுதுங்கோ. வாழைப்பழப் பெட்டியில 18.14 கிலோ எண்டு ஒரு விசர் இலக்கம் இருக்கிறதைப் பாத்திருப்பீங்கள். அது வேறொண்டுமில்லை, 40 றாத்தல். உலகத்தில கூடுதலான நாடுகள் கிலோவுக்கு மாறியும் பெட்டி மாறேல்லை.

சரி, உங்கட வேலைக்கு வருவம். வெறும் பையை ஸ்டிக்கரோட தராசில வச்சு, பூச்சியம் ஆக்கிப்போட்டு மிளகைக் கொட்டுங்கோ. பையின்ர நிறை மிளகோட சேரக்கூடாது. நல்லாக் காயாத மிளகெண்டால் கப்பல்ல போகேக்கை இன்னும் காஞ்சு நிறை இறங்கும். நானெண்டால் 458 வரைக்கும் போடுவன். நாலு கிராமுக்கு கஞ்சத்தனம் பாத்து ஒரு கடையை இழக்கேலுமோ?

ஏற்கெனவே போன பைக்கற்றுகளைத் திருப்பி எடுக்க வேண்டாம். 450 கிராமெண்டால் 15.87 அவுன்ஸ். மேல கூட்டாமல் கீழ இறக்கி, 15.8 அவுன்ஸ், 450 கிராம் எண்டு புது லேபல் அடிச்சு ஒட்டச் சொல்லுங்கோ. பழைய லேபல்ல இருக்கிற "ஒரு றாத்தல்" முழுசா மறையிற மாதிரி ஒட்ட வேணும்.