பிள்ளைக்குச் சோம்பல் இல்லை, சுரப்பிக் காய்ச்சல்

வணக்கம். அட்டன், தலவாக்கலைப் பக்கம் லயத்தில் இருந்து கேட்கிற அம்மாமாருக்குத்தான் முக்கியமாக இதைச் சொல்ல வந்தேன். உயர்தரம் படிக்கிற மகளுக்குத் தொண்டை புண்ணாகி, கழுத்தில் நெறி கட்டி, இரண்டு வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, படுக்கையை விட்டு எழும்புகிறாள் இல்லை, சரியான சோம்பல் டொக்டர் என்று ஒரு அம்மா வந்து சொன்னார். எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கவலையாக இருந்தது.

இதற்குச் சுரப்பிக் காய்ச்சல் என்று பெயர். பெரும்பாலும் காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964இல் உகண்டாவிலிருந்து வந்த புற்றுக்கட்டிக் கலங்களில் இதைக் கண்டுபிடித்தார்கள், இந்தக் காய்ச்சலுக்கும் இதுவே காரணம் என்று தெரிந்தது 1968இல். எச்சிலில் பரவும். ஒரே கோப்பையில் பிளேன்டீ குடித்தாலும் போதும், ஆனால் காய்ச்சல் காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடிச் சண்டை பிடிக்காதீர்கள். உலகத்தில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோரிடம் இது இருக்கிறது. சின்ன வயதில் வந்தால் அநேகமாகத் தெரியாமலே போய்விடும், பதின்ம வயதில் வந்தால்தான் ஆளைப் படுத்துகிறது.

ஏன் இப்படிப் படுத்துகிறது என்றால், இந்த வைரஸ் போய் ஒளிவது கிருமியை எதிர்க்கிற பிறபொருளெதிரியைச் செய்யும் பி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களுக்குள்ளேயே. அதைப் பிடிக்க டி கலங்கள் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலங்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. இரத்தப் பரிசோதனையில் தெரிகிற அந்தப் பெரிய, வித்தியாசமான வெண்குருதிக் கலங்கள் பெரும்பாலும் இந்த டி கலங்கள்தான். நெறி கட்டுவது, மண்ணீரல் வீங்குவது, அடித்துப் போட்டது போன்ற அசதி, எல்லாம் அந்தச் சண்டையால் வருவது. அப்புறம் வைரஸ் முழுதாகப் போகாது, சில பி கலங்களில் ஆயுளுக்கும் தூங்கும், டி கலங்கள் காவல் இருக்கும்.

அன்டிபயோட்டிக் இதற்கு வேலை செய்யாது. மிச்சமிருந்த அமொக்சிசிலினைக் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கவும் கூடும். காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று முதலில் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்துக்காவது அந்தப் பிள்ளையைத் தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு தூக்க விடாதீர்கள், விளையாட்டும் வேண்டாம், வீங்கிய மண்ணீரல் லேசாக அடிபட்டாலும் வெடிக்கலாம். இடது விலாவுக்குக் கீழே திடீரென்று வலித்தாலோ இடது தோள் வலித்தாலோ நடுராத்திரி என்றாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டில் ஆட்டோ இருந்தால் தட்டி எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.